மல்லித்தழை கருத்தது ஏன்? உறைந்துபோன இன்சுலின் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வின் முதல் தடயம் 2025 பிப்ரவரி 20-ஆம் தேதியே என் காதில் விழுந்துவிட்டது. "ஐஸ்பெட்டி வேற சரியில்ல மிஸ்ஸி, மல்லித்தழையெல்லாம் ஒரே ராத்திரியில கருத்துப்போகுது" என்றார் அந்த அம்மா. ஐஸ்பெட்டி என்றால் இங்கே ஃபிரிட்ஜ். கிளினிக்கில் வேலை பார்க்கிற பெண்கள் எல்லாருமே அவருக்கு மிஸ்ஸிதான். நான் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அந்த மல்லித்தழையை நான் திரும்ப நினைத்துப் பார்க்க 18 நாள் ஆனது. அதற்குள் அவருக்கு இரண்டு முறை இன்சுலின் அளவு ஏற்றப்பட்டு, ஒரு விடியற்காலையில் சர்க்கரை அபாயகரமாக இறங்கியும்விட்டது.

பினாங்கு பெருநிலப் பக்கம், பிறைக்கு அருகில் ஓர் அரசாங்க கிளினிக்கின் மருந்தகத்தில் வேலை செய்கிறேன். அவரும் குடும்பத்தாரும் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

63 வயது. இனிப்புநீர் (நீரிழிவு) வந்து 17 ஆண்டு. முதல் 11 ஆண்டு மாத்திரை மட்டும். பிறகு மெட்ஃபார்மின் மாத்திரையோடு கலப்பு இன்சுலின், காலை 22 யூனிட், இரவு 14 யூனிட். காலையில் இட்லியும் அப்பமும் விற்கிறார். நான்கு மணிக்கு எழுந்து, மாவு கரைத்து, ஊசி போட்டு, பசியாறிவிட்டுக் கடை திறக்கும் பழக்கம். ஊசி போடும் கை சுத்தமான கை. புதிதாக இன்சுலின் தொடங்குகிறவர்கள் பயந்தால், "அந்த அம்மா போடுறதப் பாருங்க" என்று இவரைக் காட்டியிருக்கிறேன்.

2025 ஜனவரியில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7.9 விழுக்காடு. வெறும் வயிற்றுச் சர்க்கரை 7-க்கும் 8-க்கும் இடையில். இங்கே மில்லிமோல் கணக்குதான். தமிழகத்து வாசகர்கள் 18-ஆல் பெருக்கிக்கொண்டால் மில்லிகிராம் கணக்கு வரும். ஆக 7 என்றால் 126.

அவர் போடும் மருந்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். அது பால்போல் கலங்கலான இன்சுலின். 100 பங்கில் 30 பங்கு உடனே வேலை செய்யும் தெளிந்த இன்சுலின். மீதி 70 பங்கு புரோட்டமின் என்ற புரதத்தோடு சேர்ந்து நுண்ணிய படிகங்களாக மிதக்கும், மெதுவாகக் கரையும். நிறுத்தி வைத்தால் படிகம் அடியில் தங்கிவிடும். அதனால்தான் ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் உள்ளங்கையில் உருட்டி, மேலும் கீழும் சாய்த்து, முழுக்க வெள்ளையாக வரும்வரை கலக்கச் சொல்கிறோம். கார்ட்ரிட்ஜுக்குள் (பேனா வடிவ ஊசியான பென்னில் பொருத்தும் மருந்துக் குழாய்) ஓடும் சின்னக் கண்ணாடி மணி அதற்கு உதவத்தான்.

தைப்பூசம்

அந்த ஆண்டு தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் உறவினர்கள் போடும் தண்ணீர்ப் பந்தலில் இவருக்கும் வேலை. இரண்டு நாள் முன்னதாகவே பால் பாக்கெட்டும் ரோஸ் சிரப்பும் வாங்கி வீட்டு ஐஸ்பெட்டியில் அடுக்கியாயிற்று. பூசத்தன்று காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு வரை காடி (கார்) வெயிலில் நின்றது. இன்சுலின் பென் கைப்பையில், கைப்பை காடிக்குள்.

மறுநாளிலிருந்து சர்க்கரை 13, 15. வெள்ளிக்கிழமை மருமகள் கிளினிக்குக்குப் போன் போட்டார். எடுத்தது நான்தான். காடிக்குள் எட்டு மணி நேரம் என்றதுமே எனக்கு விடை கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. வெயிலில் மூடி நிற்கும் வண்டிக்குள் சூடு 50 பாகையைத் தாண்டும். "அந்த கார்ட்ரிட்ஜத் தூக்கிப் போட்டுட்டு ஐஸ்பெட்டியில இருக்கிற புதுசப் போடச் சொல்லுங்க" என்றேன். சொன்னது சரிதான். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்தச் சரியான விடைதான் அதற்குப் பின்னால் வந்த தவறை மறைத்தது. காரணம் ஒன்று கைக்கு வந்துவிட்டால் மனசு இன்னொன்றைத் தேடுவதில்லை.

பிப்ரவரி 15, சனிக்கிழமை புது கார்ட்ரிட்ஜ் போட்டார். சர்க்கரை இறங்கவில்லை. ஒரேயடியாக உயர்ந்து நின்றிருந்தால்கூடச் சந்தேகம் வந்திருக்கும். அது ஒரு நாள் 9, மறுநாள் 17, அதற்கடுத்த நாள் 12 என்று தாறுமாறாக ஆடியது.

பிப்ரவரி 20-இல் நேரில் வந்தார். காய்ச்சல் இல்லை, சிறுநீரில் கிருமி இல்லை, காலில் புண் இல்லை. அவருடைய மீட்டரையும் எங்கள் மீட்டரையும் ஒரே துளி ரத்தத்தில் ஒப்பிட்டோம், சரியாக இருந்தது. வயிற்றில் ஊசி போடும் இடங்களைத் தடவிப் பார்த்தேன், கட்டி இல்லை. என் கண்ணெதிரே போட்டுக் காட்டினார்: இரண்டு யூனிட் காற்றில் விட்டு, ஊசியை உள்ளே வைத்தபடி ஆறு வரை எண்ணி, வெளியே எடுத்து, ஊசிமுனையைக் கழற்றிப் போட்டார். பாடம் நடத்துவதுபோல் இருந்தது. பென்னுக்குள் கலங்கல் சரியாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

"மருந்து எங்க வைக்கிறீங்க?"

"ஐஸ்பெட்டியிலதான் மிஸ்ஸி."

படிவத்தில் 'முறையான சேமிப்பு' என்ற கட்டத்தில் சரி போட்டேன். மல்லித்தழையைப் பற்றி அவர் சொன்னது இதற்கு அடுத்த வாக்கியம்.

பந்தலில் மிஞ்சிய ரோஸ் சிரப் வீட்டில் இருப்பதாக அவரே சொன்னதால் சாப்பாட்டின் மேல் பழி போனது. அவர் அதைத் தொடவில்லை என்று சத்தியம் செய்யாத குறைதான். டாக்டர் காலை 26, இரவு 18 என்று ஏற்றினார். மார்ச் 3-ஆம் தேதி மறுபடியும் வந்தார், அதே கதை. காலை 30, இரவு 22 ஆனது.

விடியற்காலை நான்கு மணி

மார்ச் 8. இரவு போட்டது வழக்கம்போல் 22 யூனிட். நான்கு மணிக்கு மாவு கரைக்க எழுந்தவருக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, வாய் குழறியிருக்கிறது. கணவர் குத்திப் பார்த்தார்: 2.8. நான்குக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மூன்றுக்குக் கீழே என்றால் விளையாட்டில்லை. வீட்டில் கைக்கெட்டிய இனிப்பு அந்த ரோஸ் சிரப்தான். மூன்று கரண்டி தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் 4.6. இரண்டு வாரத்துக்கும் மேலாக நாங்கள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்த சிரப்!

விடிந்ததும் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போனார்கள். அளவைப் பழையபடி 22, 14-க்கு இறக்கி, திங்கட்கிழமை கிளினிக்கில் காட்டச் சொல்லி அனுப்பினார்கள். மார்ச் 10-இல் வந்தபோது அவர் நோட்டில் இருந்த எண்கள் என்னை உட்கார வைத்தன. ஞாயிறு காலை 7.4. திங்கள் காலை 6.9. ஜனவரியில் போட்ட அதே அளவு, ஜனவரியில் இருந்த அதே சர்க்கரை. அப்படியானால் அவர் உடம்பில் எதுவும் மாறவில்லை. மாறியது மருந்து.

"இப்ப பென்னுல இருக்கிறத எப்ப போட்டீங்க?"

வியாழக்கிழமை, மார்ச் 6. அன்று மத்தியானம்தான் புதுப் பெட்டி மருந்து வாங்கியிருக்கிறார். சாயங்காலம் பழையது தீர்ந்துபோக, வாங்கி வந்த பெட்டியிலிருந்து ஒன்றை உருவி நேராகப் பென்னில் போட்டுவிட்டார். மீதி நான்கும் ஐஸ்பெட்டிக்குப் போயின. பிப்ரவரி நடுவிலிருந்து அவர் போட்டவற்றில் அந்த வீட்டு ஐஸ்பெட்டிக்குள் போகாத ஒரே கார்ட்ரிட்ஜ் அதுதான். வேலை செய்ததும் அது ஒன்றுதான்.

அப்போதுதான் மல்லித்தழை ஞாபகம் வந்தது.

ஐஸ்பெட்டிக்குள்

மருமகளிடம் வாட்ஸ்அப்பில் படம் கேட்டேன். ஒற்றைக் கதவு கொண்ட பழைய பெட்டி. மேலே உறைபெட்டி, அதற்கு நேர் கீழே ஒரு தட்டு. அந்தத் தட்டில் ஒரு பக்கம் இன்சுலின், மறுபக்கம் மல்லித்தழை, கறிவேப்பிலை. இரண்டும் கெடக்கூடாது என்று நல்ல மனசோடு 'நல்லாக் குளிருகிற இடத்தில்' வைத்திருந்தார்கள். இரவில் உறைந்து பகலில் இளகினால் தழை கருக்கத்தான் செய்யும்.

அடுத்த படம் குளிர் அளவைத் திருகும் குமிழ். ஏழில் நின்றது. பூசத்துக்கு முன் பால் பாக்கெட்டுகளை அடுக்கியபோது அண்ணன் (அந்த அம்மாவின் மகன்) மூன்றிலிருந்து ஏழுக்குத் திருப்பியிருக்கிறார். பெட்டி நிறைய பால் இருந்தவரை அவ்வளவு குளிரையும் பால் வாங்கிக்கொண்டது. பூசம் முடிந்து பெட்டி காலியானது. குமிழைத் திருப்பிவிட யாருக்கும் நினைவில்லை. இதில் இன்னொன்று: குமிழில் எண் கூடினால் குளிர் கூடும். எண் என்றால் சூடு என்று எடுத்துக்கொண்டு நேர்மாறாகத் திருப்புகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த வீட்டில் அப்படியில்லை. தெரிந்தே திருப்பினார்கள், மறந்துபோனார்கள்.

கிளினிக்கில் இருந்த, ஆகக் குறைந்த அளவையும் ஆகக் கூடிய அளவையும் பதிந்து வைக்கும் தெர்மாமீட்டரைக் கொடுத்தனுப்பினேன். ஒரு ராத்திரி அந்தத் தட்டில் வைத்ததில் ஆகக் குறைந்தது சுழியத்துக்குக் கீழே 3.4 பாகை. ஆகக் கூடியது 1.8. பகலில் கதவைத் திறந்து மூடும்போது இளகும், இரவில் உறையும்.

மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஒரு தடவ உள்ள கட்டியா இருந்துச்சு மிஸ்ஸி. வெளிய வச்சோம், தண்ணியானதும் அத்த போட்டுக்கிட்டாங்க. நல்லாத்தான் குளிர்ந்திருக்குன்னு நெனச்சோம்." அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உறையக் கூடாது என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறது, உண்மைதான். ஆனால் மருந்து கொடுக்கும் ஜன்னலில் நாங்கள் சொல்வது "ஐஸ்பெட்டியில வைங்க" என்ற இரண்டு சொல் மட்டும். மீனையும் கோழியையும் எவ்வளவு உறைய வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று பழகிய வீட்டில் அந்த இரண்டு சொல்லுக்கு என்ன அர்த்தம் வரும்?

ஐஸ்பெட்டியிலிருந்த நான்கு கார்ட்ரிட்ஜையும் கொண்டுவரச் சொன்னேன். எங்கள் கையிருப்பிலிருந்து ஒரு புதிய கார்ட்ரிட்ஜை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பத்து தடவை உருட்டி, பத்து தடவை சாய்த்தேன். எங்களுடையது ஒரே சீராகப் பாலானது. அவருடையதில் மூன்றில் ரவை மாதிரி வெள்ளைத் துணுக்குகள். கண்ணாடிச் சுவரில் சில ஒட்டிக்கொண்டு நின்றன. நான்காவது பார்வைக்கு ஏறக்குறைய நன்றாகத்தான் இருந்தது. அதையும் சேர்த்தே அழித்தோம். அது எத்தனை இரவு உறைந்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

உறைந்தால் என்ன ஆகிறது

தண்ணீர் ஐஸாகும்போது சுத்தத் தண்ணீராக விலகிப் போகும். மீதியிருக்கும் கொஞ்ச நீரில் இன்சுலின், உப்பு, புரோட்டமின் எல்லாம் நெருக்கிக்கொண்டு செறிவாகும். அந்த நெருக்கத்தில் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். இளகினாலும் பிரியாது. பிறகு எவ்வளவு உருட்டினாலும் ஒரு ஊசியில் நீர்த்த மருந்து, அடுத்த ஊசியில் கட்டி. 9, 17, 12 என்று அவர் நோட்டில் ஆடிய எண்களை நாங்கள் சாப்பாட்டுக் கணக்கில் தேடினோம். அவை கண்ணாடிக் குழாய்க்குள் இருந்தன.

தெளிந்த இன்சுலின் இன்னும் பொல்லாதது. உறைந்து இளகிய பிறகு அது பழையபடி தெளிவாகவே தெரியலாம். கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் விதி எளியது: ஒரு தடவை உறைந்தாலும் குப்பைக்கு.

சூடு அப்படியில்லை. சூட்டால் வரும் கேடு எவ்வளவு பாகை, எத்தனை நாள் என்ற கணக்கில் சேர்ந்துகொண்டே போவது. 2021-இல் ஜெனீவா பல்கலைக்கழகமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கென்யாவின் தாதாப் அகதி முகாமில் இரவு பகலாக 25-க்கும் 37-க்கும் இடையே ஏறி இறங்கும் வெப்பத்தை ஆய்வகத்தில் உண்டாக்கி, பல வகை இன்சுலினை நான்கு வாரம் வைத்துப் பார்த்தார்கள். வீரியம் குறிப்பிடும்படி குறையவில்லை. இதைப் படித்துவிட்டுப் பென்னைக் காடியில் போட்டுவிடக் கூடாது. 37 வேறு, வெயிலில் மூடிய காடி வேறு. ஆனால் பினாங்கு வீட்டு அறையில் ஒரு மத்தியானம் 32 ஆனதற்காகப் பதறிப்போய்ப் பென்னை உறைபெட்டிக்குக் கீழே செருகுவதைவிட, அந்த 32-இலேயே விட்டுவைப்பது எவ்வளவோ மேல்.

இது நம்மூர்ப் பழைய ஐஸ்பெட்டிகளின் குறை மட்டுமல்ல. 2018-இல் பெர்லினில் நடந்த ஐரோப்பிய நீரிழிவு மாநாட்டில் ஒரு கணக்குச் சொன்னார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 388 பேர் இன்சுலினோடு வெப்பமானியையும் சேர்த்து வைத்துப் பார்த்ததில், ஐஸ்பெட்டியில் வைத்ததும் கையோடு கொண்டுபோனதுமாகச் சேர்த்து எல்லாப் பதிவுகளிலும் 79 விழுக்காடு பரிந்துரைத்த வெப்ப வரம்பை மீறியிருந்தன. 17 விழுக்காட்டில் குளிர் சுழியத்துக்குக் கீழே போயிருந்தது.

கணவரின் பென்

வீட்டில் இன்னொரு இன்சுலினும் இருந்தது. கணவருக்கு இரவில் 6 யூனிட் கிளார்ஜின். அவர் பென் சாமி மேடையில், காமாட்சி விளக்குக்குப் பக்கத்தில். "மறக்காம இருக்கத்தான்" என்றார். எப்போது திறந்தது? "பொங்கலுக்குப் பொறவு இருக்கும்." நான் கேட்டது மார்ச் 10.

திறந்த பிறகான ஆயுளை இந்த வீடு எனக்குப் புதிதாகக் காட்டியது. ஒரு கார்ட்ரிட்ஜில் 300 யூனிட். அம்மா காலையும் இரவும் 36, காற்றில் விடுவது 4, ஆக ஒரு நாளைக்கு 40. ஏழரை நாளில் தீர்ந்துவிடும். அவருடைய கலப்பு இன்சுலின் திறந்த பிறகு ஆறு வாரம் தாங்கும்; அந்த ஆறு வாரம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அப்பாவுக்கு 6-உம் 2-உம் எட்டு. 300 யூனிட்டும் தீர 37 நாள். ஆனால் திறந்த கிளார்ஜின் பென்னுக்கு ஆயுள் 28 நாள்தான். அவர் ஒழுங்காகக் கடைசிச் சொட்டுவரை சிக்கனமாகப் போட்டாலே ஒவ்வொரு பென்னிலும் கடைசி ஒன்பது நாள் கெடு தாண்டிய மருந்துதான் போகும். குறைந்த அளவு போடுகிறவர்களிடம்தான் தேதியை வலியுறுத்த வேண்டும். நாங்களோ அதிக அளவு போடுகிறவர்களை நோயாளி என்றும், குறைந்த அளவுக்காரர்களைச் 'சமாளிக்கிறார்' என்றும் பார்த்துப் பழகிவிட்டோம்.

ஆயுள் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. நோவோரேப்பிட், கிளார்ஜின் நான்கு வாரம். லெவமிர் ஆறு வாரம். டிரெசிபா எட்டு வாரம். பெட்டிமேல் அச்சிட்ட காலாவதித் தேதி திறக்காமல் 2-க்கும் 8-க்கும் இடையில் வைத்திருந்தால் மட்டுமே செல்லும். திறந்த அன்றைக்கு அந்தத் தேதிக்கு வேலை முடிந்தது. திறந்த பென் 30 பாகைக்குக் கீழே அறையில் இருந்தால் போதும், ஐஸ்பெட்டி வேண்டாம். சில வகைகளுக்கு அங்கே திரும்ப வைக்கக் கூடாது என்றே எழுதியிருக்கிறது. பென் சாமி மேடையிலிருந்து படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டுக்கு இறங்கியது. "சாமிகிட்ட இருந்தா நல்லதுதானே?" என்றார் அப்பா. "சாமி ஒண்ணும் பண்ணாதுப்பா, விளக்குதான்" என்றேன்.

மண்பானைத் தண்ணீரில் வைக்கலாமா என்றும் கேட்டார். வறண்ட ஊர்களில் அது நல்ல உபாயம். பினாங்குக் காற்றில் ஈரம் அதிகம், பானையில் கசியும் நீர் லேசில் ஆவியாகாது. இரண்டு மூன்று பாகை இறங்கினால் அதிகம். கரண்ட் போகும் நாளுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

பிறகு

வீட்டிலிருந்த திறக்காத இன்சுலின் முழுவதையும், அப்பாவின் இருப்பையும் சேர்த்து, மாற்றினோம். குமிழ் மூன்றுக்கு வந்தது. மருந்து நடுத்தட்டில், பின்சுவரைத் தொடாமல், மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள். கதவில் வைக்கச் சொல்லவில்லை; அங்கே திறக்கும்போதெல்லாம் சூடு ஏறி இறங்கும். தெர்மாமீட்டர் டப்பாவுக்குள்: 4-லிருந்து 6. அண்ணன் குமிழின்மேல் மஞ்சள் டேப் ஒட்டி 'அப்பா, அம்மா மருந்து' என்று எழுதினார்.

அளவு 22, 14-லேயே நின்றது. இந்த நிகழ்வில் என்னை இன்றைக்கும் உறுத்துவது இந்த இடம். கெட்ட மருந்துக்கு ஏற்றாற்போல் அளவை ஏற்றிக்கொண்டே போய், ஒரு நாள் நல்ல மருந்து கைக்கு வந்தபோது அந்த ஏற்றிய அளவு அப்படியே உள்ளே போயிற்று. 63 வயதுக்காரருக்கு, விடியற்காலையில், கொதிக்கும் இட்லிப் பானைக்குப் பக்கத்தில். இப்போது எங்கள் கிளினிக்கில், காரணம் தெரியாமல் சர்க்கரை ஏறி ஆடினால் அளவைத் தொடும் முன் மருந்தை மாற்றிப் பார்க்கிறோம். அளவு ஏற்கெனவே ஏறியிருந்தால், புது மருந்தோடு எந்த அளவில் தொடங்குவது என்று டாக்டரிடம் அன்றே கேட்டுவிடுகிறோம். 'எங்கே வைக்கிறீர்கள்' என்ற கேள்வியை எடுத்துவிட்டேன். 'ஐஸ்பெட்டியில் எந்தத் தட்டு, பக்கத்தில் என்ன இருக்கிறது, எப்போதாவது கட்டியானதா' என்று கேட்கிறேன். முடிந்தால் போனில் படம்.

உறைந்த கார்ட்ரிட்ஜுகளின் வீரியத்தை நாங்கள் ஆய்வகத்தில் அளக்கவில்லை. தேதிகளும் எண்களும் கண்ணால் கண்டதும்தான் இந்த முடிவுக்கு ஆதாரம். மே மாதம் எச்பிஏ1சி 8.4. பிப்ரவரி, மார்ச் மாதங்களின் நிழல் அதில் இருக்கத்தான் செய்யும். வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏப்ரலிலேயே 7-க்கும் 8-க்கும் இடையில் திரும்பிவிட்டது.

தெர்மாமீட்டரைத் திருப்பிக் கேட்க மனசு வரவில்லை. கிளினிக்குக்கு வேறொன்று வாங்கி வைத்தேன், 28 ரிங்கிட்.